அடுப்புகளின் எண்ணிக்கை

எங்கள் தெரு முடிந்து ஏரிக்கரைக்கு மண்பாதை திரும்பும் இடத்தில் ஒரு அக்கா இட்லி விற்றுக்கொண்டிருந்தார். தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடக்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சிவில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருடமும் என் காலைச் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். வடகறி இருந்தால் மூன்று இட்லி, இல்லாவிட்டால் இரண்டு.

அக்காவின் வீடு மண்பாதையின் உள்ளே, ஏரியின் கிழக்குக் கரையில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் அக்காவும் அவருடைய கணவரும். அந்தப் பக்கம் அவருடைய மகள், மாப்பிள்ளை, கைக்குழந்தை. மகளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு.

எங்கள் வீடு ஏரியின் மேற்குப் பக்கம். அதுவும் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நஞ்சைதான். நிலம் வைத்திருந்த குடும்பம் அதை மனைகளாகப் பிரித்து, கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்றது. அப்ரூவல் கிடையாது. அப்பா தெரிந்தேதான் வாங்கினார்; அப்ரூவல் இருந்திருந்தால் அவரால் வாங்கியிருக்க முடியாது. மழைக்காலத்தில் எங்கள் வாசலிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சில வருடங்களுக்கு முன், அப்ரூவல் இல்லாத மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்து தரும் திட்டம் வந்தது. அப்பா லீவு போட்டு அலைந்து அந்தக் காகிதத்தை வாங்கி லேமினேட் செய்து பீரோவில் வைத்தார். கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்கு அப்படி எந்தக் கட்டணமும் அறிவிக்கப்படவில்லை. எங்களுடையது மனைப்பிரிவு என்று ஆனது. அவர்களுடையது ஆக்கிரமிப்பு.

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்த ஆக்கிரமிப்பைக் கணக்கெடுப்பது.

ஒரு தனியார் நிறுவனம் அந்தக் கணக்கெடுப்பை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, வீட்டுக்கு வீடு போய் இருபத்தொரு கேள்விகள். எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். மளிகைச் சாமான் முதல் ரயிலில் எடுத்துப் போக வேண்டியவை வரை எல்லாவற்றையும் எழுதி வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். அந்தக் கேள்விகளும் இரண்டாவது நாளிலேயே மனப்பாடமாகிவிட்டன. குடும்பத் தலைவர் பெயர், குடும்ப அட்டை, ஆதார், எத்தனை வருடமாக இங்கே, கூரை, சுவர், கழிப்பறை, தொழில். பதினான்காவது கேள்வி: அடுப்புகளின் எண்ணிக்கை. எதற்கு என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். "இருக்கிறதைப் போடுங்க, அவ்வளவுதான்" என்றார் பயிற்சி கொடுத்தவர். புகை, காஸ் இணைப்பு சம்பந்தப்பட்ட ஏதோ கேள்வி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுக்கு நான் போன வாரத்தில் ஏரிக்கரை முழுக்க ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு சிலிண்டரை வைத்துக் கடை நடத்துகிறவர்களிடம் சிலிண்டரைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பஜ்ஜிக் கடையில் அப்படி நடந்திருந்தது.

"இன்னாமா, கார்டெல்லாம் மாட்டிகினு வந்துக்கிற? ஆபீசர் ஆயிட்டியா?" என்றார் அக்கா.

"கான்ட்ராக்ட்தான்க்கா."

"எதுவோ ஒண்ணு. வடகறி இல்லன்னா மூஞ்ச தூக்குவியே, அதையும் அதுல ஏத்திக்கோ."

மகள் கட்டிலில் உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டு, புடவையை விரித்து வைத்திருந்தாள். கட்டிலுக்குக் கீழே ஒரு கோணி எதையோ மூடிக்கொண்டிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். தினமும் பார்த்திருக்கிறேன். மகளின் கல்யாணச் சீரில் வந்த இரண்டு பர்னர் ஸ்டீல் அடுப்பு. மாப்பிள்ளைக்கு மாமியார் வைக்கும் சாம்பாரில் உப்பு போதவில்லையாம். கல்யாணமான ஆறாவது மாதமே மகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் தனியாகச் சமைக்க ஆரம்பித்திருந்தாள். காலையில் அவள் சமைப்பதற்கு முன் அதே அடுப்பு திருப்பத்துக்கு வரும்; அதில்தான் கடையின் இட்லிக் குண்டான் ஏறும்.

பதிமூன்று கேள்விகள் முடிந்தன.

"அடுப்பு எத்தனைக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதான்மா கீது" என்றார், என்னைப் பார்க்காமல், சுவரைத் துடைத்துக்கொண்டே.

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்து வீட்டின் உள்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். டேப்லெட்டைத் தூக்கியபோது கோணிக்கு வெளியே ஆரஞ்சு ரப்பர் டியூப் ஒரு சாண் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. படத்தில் நிச்சயம் விழும். நான் ஒரு அடி முன்னால் வைத்து, செருப்பில்லாத காலால் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பிறகு படம் எடுத்தேன். கட்டத்தில் 1 என்று போட்டேன். சேமி என்பதை அழுத்தினேன்.

வெளியே வரும்போது மகள் பின்னால் இருந்து என்னைச் சுட்டி, "அக்காவுக்கு கண்ணு சரியா தெரியாது போலக்கீது" என்றாள்.

"அதான் கண்ணாடி போட்டுகினு கீறாங்க, தெரியல உனக்கு?" என்றார் அக்கா. கையில் நான்கு இட்லி கட்டிக் கொடுத்தார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

கணக்கெடுப்பு முடிந்ததும் என்னை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். எக்செல் நன்றாக வரும் என்பதால் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை. ஒருநாள் காலை விதிகள் வந்தன. கரையைக் காலி செய்யும்போது ஒரு குடும்பத்துக்கு ஒரு மாற்று வீடு. ஒரே கதவுக்குள் இரண்டு குடும்பங்கள் இருந்தால், தனித்தனி குடும்ப அட்டை உள்ளதா என்று பார்க்க வேண்டும். தனி அட்டை இல்லாவிட்டால், தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம்.

இதை எக்செல் புரிந்துகொள்ளும்படி சூத்திரமாக எழுதியவள் நான். ஒரே வரி. எழுதி, முதல் கட்டத்தில் போட்டு, கடைசி வரை இழுத்துவிட்டேன். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே 1, 1, 2, 1 என்று விழுந்துகொண்டே போனது. அக்காவின் வரிசையை நானாகத் தேடிப் பார்த்தேன். மகளின் பெயர் இன்னும் அம்மாவின் அட்டையில்தான் இருந்தது. கார்டு பிரிக்க வேண்டுமென்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகவரிச் சான்று இல்லாமல் அது நகரவில்லை. அடுப்பு: 1. வீடு: 1.

என் முன்னால் இருந்த நிலைமையை அப்படியே சொல்கிறேன். அனுப்பிய பதிவை என்னால் திருத்த முடியாது, பூட்டிவிட்டார்கள். மேலாளரிடம் சொன்னால் ஏன் தப்பாகப் போட்டாய் என்பார். சொல்லாவிட்டால் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் வீடு கிடையாது. பட்டியல் ஒட்டிய பிறகு பதினைந்து நாள் ஆட்சேபனை சொல்லலாம். அது ஒன்றுதான் வழி.

அன்று சாயங்காலமே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டரை நிறுத்தினார்.

"அடுப்பு இருந்தா வூடா?"

"ஆமாக்கா. தனி அடுப்பு இருந்தா தனிக் குடும்பம்னு கணக்கு."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதுக்கா."

அவர் கையில் ஒட்டிய மாவை வழித்துப் போட்டார். "சிலிண்டர புடுங்கினு போயிடுவான்னு பயந்து பொண்ணு வூட்ட ஒளிச்சு வெச்சிகிறேன் பாரு" என்றார். சிரித்தார். நானும் அப்போது சிரித்தேன் என்றுதான் நினைவு.

மனுவை நான்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் என் கையெழுத்து அலுவலகத்தில் தெரியுமே என்று தோன்றியது. மகளிடம் கொடுத்து அவள் கையால் திரும்ப எழுதச் சொன்னேன். அவள் எட்டாவது வரை படித்தவள். 'ஆட்சேபனை' என்ற சொல்லை மூன்று முறை அடித்து எழுதினாள்.

விசாரணை ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. நீளமான மேசை, அதிகாரி ஒருவர், பக்கத்தில் பட்டியலுடன் நான். கூட்டம் வாசல் வரை. அக்காவின் முறை வந்தபோது கூட்டம் விலகியது. அவர் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் அந்த ஸ்டீல் அடுப்பை வைத்து, ஒரு கையால் பிடித்தபடி வந்தார். மேசைமேல் இறக்கி வைத்தார். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். ரப்பர் டியூப் மேசையின் ஓரத்தில் தொங்கியது.

"என்னம்மா, இங்கேயே டிபன் போடப் போறியா?" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க எண்ணணும்னுதான் சார் தூக்கினு வந்தேன். ஒண்ணு வூட்ல கீது. இத்தோட ரெண்டு."

"இதை நேத்து கூட வாங்கியிருக்கலாமே."

"பேரு வெட்டிக்கீது பாருங்க சார். சீர்ல குடுத்தது. என் பொண்ணு பேரு, மாப்ள பேரு."

பக்கவாட்டில் சின்ன எழுத்தில் வெட்டியிருந்தது உண்மைதான். அதிகாரி குனிந்து படித்தார். கெட்டவர் இல்லை. காலையிலிருந்து யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. "அடுப்பு இருக்கலாம்மா. கணக்கெடுத்த அன்னிக்கு உன் வீட்ல இருந்துதா, அதுதான் கேள்வி" என்றார். என் டேப்லெட்டில் இருந்த படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கட்டில், கோணி, மகளின் புடவைக் கரை. டியூப் இல்லை.

"நீங்கதானே மேடம் இந்த வீட்டை எடுத்தீங்க? ரெண்டாவது அடுப்பைப் பார்த்தீங்களா?"

என் மனதில் அப்போது ஓடியதை வரிசையாகவே சொல்ல முடியும். பார்த்தேன் என்றால், பார்த்துவிட்டுத் தப்பாகப் போட்டவள் ஆவேன். நான் எடுத்த நூற்றுக்கணக்கான வீடுகளும் சந்தேகத்துக்கு வரும். அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்ட அப்பா வங்கியில் கடன் கேட்டிருந்தார். லேமினேட் செய்த அந்தக் காகிதம் இருந்ததால் வங்கி ஒத்துக்கொண்டது. அப்பாவின் பென்ஷன் போதாது என்று என் சம்பளச் சீட்டையும் சேர்த்திருந்தார்கள்.

"கேட்டேன் சார். ஒண்ணுதான்னு சொன்னாங்க" என்றேன்.

அதில் பொய்யே இல்லை. அவர் கேட்டது வேறு என்பதுதான் விஷயம்.

அக்கா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஆமா சார்" என்றார். "நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நான்தான் ஒண்ணுன்னேன்."

அதிகாரி மனுவின் மேல் ஏதோ எழுதி, தள்ளுபடியான மனுக்களோடு வைத்தார். அக்கா சும்மாட்டைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். அடுப்பைத் தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தது. வரிசையில் நின்ற யாரோ தூக்கிவிட்டார்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

காலி செய்த அன்று எனக்கு டோக்கன் சரிபார்க்கும் வேலை. வேன்களில் சாமான் ஏற ஏற ஒவ்வொரு பெயராக டிக் அடித்தேன். அக்காவுக்கும் கணவருக்கும் பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் ஒரு வீடு. மகளையும் குழந்தையையும் கூட வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மாப்பிள்ளைக்கு வேலை படப்பைப் பக்கம், ஷிப்ட். அங்கிருந்து போய்வர முடியாது. படப்பையைத் தாண்டி ஒரு வாடகை அறை பிடித்திருந்தார்கள். ஒரே கதவு வழியாக வெளியே வந்த சாமான்கள் ரோட்டில் இரண்டு குவியல்களாக நின்றன. குக்கர் யாருக்கு, பாய் யாருக்கு என்று அம்மாவும் மகளும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஸ்டீல் அடுப்பை மகள் அம்மாவின் பக்கம் வைத்தாள். அந்த வாடகை அறையில் ஒரு சிங்கிள் பர்னருக்குத்தான் இடம் இருந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எங்கள் பக்கத்துக்கு நல்லதாகவே நடந்தது. ஏரியைத் தூர்வாரினார்கள். கரையில் நடைபாதை, சிமென்ட் பெஞ்சு, விளக்கு. இட்லிக் கடை இருந்த திருப்பத்தில் இப்போது பிளாட் விற்கிறவர்களின் போர்டு: ஏரி பார்த்த வீடுகள். எங்களுக்கு மனையை விற்ற குடும்பம் மிச்சம் வைத்திருந்த கடைசித் துண்டில் அது எழும்புகிறது. எங்கள் மாடி முடிந்தது. கட்டும்போது அப்பா சொன்ன வாடகையும் முடிந்தபோது சொன்ன வாடகையும் வேறு. நடுவில் விளக்கு வந்துவிட்டது. வீட்டுக் கடன் வட்டியைக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்கிறேன். மாடி வீட்டிலிருந்து மாதா மாதம் வருவது, அக்காவும் அவர் கணவரும் சேர்ந்து இங்கே சம்பாதித்ததைவிட அதிகம். அந்தத் தொகை எனக்குத் தெரியும், பதினைந்தாவது கேள்விக்கு நான்தான் அதை எழுதினேன். அதற்காக எங்கள் வீட்டில் யாரும் விடியற்காலையில் எழுந்ததில்லை.

போன வருடம் அக்காவின் மகள் வந்தாள். இடுப்பில் இரண்டாவது குழந்தை. படப்பை அறைக்கு வாடகை ஏற்றிவிட்டார்களாம்.

"மேல காலியா கீதாமே அக்கா?"

அப்பாவிடம் கேட்டேன். அப்பா வாடகையைச் சொன்னார். அட்வான்ஸ் பத்து மாதம் என்றார். "எல்லாரும் கேக்குறதைத்தான் கேக்கிறேன். கூட ஒரு ரூபா கேக்கல" என்றார். அதுவும் உண்மை. அவள் கேட்டைப் பிடித்தபடி மாடியை அண்ணாந்து பார்த்தாள். சமையலறை ஜன்னல் தெருப்பக்கம்தான்.

"பெரிய கிச்சனா கீது" என்றாள். "வேணாம்க்கா, சும்மாதான் கேட்டேன்." குழந்தைக்கு நான் கொடுத்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். இப்போது கூடுவாஞ்சேரிக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறார்கள். மாப்பிள்ளை இரண்டு பஸ் மாறிப் போகிறார்.

அதற்குப் பிறகுதான் நான் பெரும்பாக்கம் போனேன். போகும் வழியில் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டேன். மூன்று வாக்கியங்கள். நான் பார்த்தேன். நான்தான் மறைத்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா இட்லி விற்பதில்லை. வந்த புதிதில் போட்டிருக்கிறார். பிளாக்குக்கு நான்கு பேர் இட்லி போட்டார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை. இப்போது சோழிங்கநல்லூர் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் பாத்திரம் தேய்க்கிறார். நான் போனபோது அப்போதுதான் வந்திருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது அதுதான். வாசலுக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூலின் மேல், சிலிண்டர் இல்லாமல், டியூப்பைச் சுருட்டி மேலே வைத்து, அந்த ஸ்டீல் அடுப்பு. சமையல் உள்ளே வேறு அடுப்பில்.

"இது எதுக்குக்கா இங்க?"

"உள்ள வெச்சா யாருக்குத் தெரியும்? யாராச்சும் எண்ண வந்தா வாசல்லயே தெரியணும்ல."

நான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். "அக்கா, அன்னிக்கு நான் பார்த்தேன். இந்த அடுப்பை."

"தெரியும்மா" என்றார், முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி. "கால்ல தள்ளி வுட்டியே டியூப்ப. பாத்துகினுதான் இருந்தேன்."

அப்படியானால் விசாரணையில் மேசைக்கு முன்னால் நின்றபோதும் அவருக்குத் தெரியும். மற்ற இரண்டு வாக்கியங்களும் எனக்கு வரவில்லை.

"நல்லதுக்குத்தானே செஞ்ச. நானும் நல்லதுக்குத்தான் ஒண்ணுன்னேன்" என்றார். டீ போட எழுந்தார். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "எதுனா புது லிஸ்ட் எடுக்கறாங்களா? உங்க ஆபீஸ்ல சொல்லுவாங்களே."

"இப்போதைக்கு இல்லக்கா."

"வந்தா மறக்காத. இந்தத் தபா ரெண்டுன்னு போட்டுக்கோ."

பட்டியல் எடுப்பவள் என்ற முறையில் நான் சுற்றிலும் பார்த்தேன். கட்டில் ஒன்று, பாய் ஒன்று, குக்கர் ஒன்று. கொடியில் அக்காவின் புடவையும் அவர் கணவரின் லுங்கியும் மட்டும். இரண்டு என்று எழுதினால், இப்போது அதுதான் தப்பு.

"சரிக்கா" என்றேன்.